மாதனூர் மேம்பாலமும் ஒரு கிளட்சும்

"அக்கா, எனக்கு எட்டு போட வரல" என்று என் தங்கை மரகதம் போனில் சொன்னபோது, நான் பாளையங்கோட்டை மைதானத்தில் ஒரு பல் டாக்டரம்மாவுக்கு எட்டு போடத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருடமாகப் பெண்களுக்கு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். என்னிடம் படித்தவர்கள் கலெக்டர் ஆபீஸிலிருந்து கருவாட்டுக் கடை வரை இருக்கிறார்கள். சொந்தத் தங்கை எட்டில் தோற்றால் ஊர் என்ன பேசும்?

மரகதம் கல்யாணமாகி வடக்கே மாதனூருக்குப் போய்ப் பதினான்கு வருடமாகிறது. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறாள். அந்தக் கம்பெனி இப்போது கைத்தையல் வேலையைக் கிராமத்துப் பெண்களின் வீட்டுக்கே கொடுத்து வாங்குகிறது. ஊர் ஊராகப் போய் அதைப் பார்த்து வர ஒரு சூப்பர்வைசர் வேண்டும். மரகதத்தின் பெயர்தான் முதலில் இருந்தது. ஆனால் கம்பெனி தருவது கியர் வண்டி. வெள்ளிக்கிழமைக்குள் லைசென்ஸ் டெஸ்டில் தேறிய சீட்டைக் காட்டாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். டெஸ்ட் வியாழக்கிழமை. ஏற்கெனவே ஒரு தடவை எட்டுக்கு நடுவில் காலை ஊன்றித் தோற்றிருந்தாள்.

"நீ ஒண்ணுக்கும் கவலைப்படாதே, நான் வாறேன்" என்றேன். பையில் இரண்டு பாக்கெட் அல்வாவும் ஒரு ஸ்பேனர் செட்டும் எடுத்துவைத்தேன். அல்வாவோடு நிறுத்தியிருக்கலாம்.

திங்கட்கிழமை மாலை ஆம்பூரில் இறங்கியபோது மூக்குதான் முதலில் ஊருக்குள் போனது. இங்கே தோல் பதனிடும் இடத்தைத் தோல் ஷாப் என்கிறார்கள். அந்த வாடை ஒரு பக்கம், பிரியாணி வாசனை இன்னொரு பக்கம், இரண்டும் நடுரோட்டில் சந்தித்துக்கொள்கின்றன. எது ஜெயிக்கிறது என்பது காற்றைப் பொறுத்தது. நான் இறங்கிய நேரம் பிரியாணி ஜெயித்துக்கொண்டிருந்தது.

ஒரு பஸ்ஸில் பெண்களாக ஏறிக்கொண்டிருந்தார்கள். "மாதனூர் போகுமா?" என்று டிரைவரிடம் கேட்டேன். "போவும், ஏறுமா" என்றார். ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, ரூபாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு கண்டக்டரைத் தேடினேன். ரொம்ப நேரம் தேடினேன். பக்கத்தில் கறுப்பு புர்கா போட்டிருந்த பெண் என்னையும் என் ரூபாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க எந்த செக்ஷனு? புதுசா?"

"செக்ஷனா? நான் டிக்கெட் எடுக்கணும்."

அவள் சிரித்த சிரிப்பில் முன் சீட்டு, பின் சீட்டு எல்லாம் திரும்பிவிட்டன. "யக்கா, இது கம்பெனி பஸ்சு! டூட்டி முட்ச்சிட்டு வூட்டுக்குப் போறோம்." விஷயம் டிரைவர் வரைக்கும் போனது. "ஏறினது ஏறிட்டாங்க, நடுவுல எறக்கி வுட்டா பேஜாருமா. குந்தட்டும்" என்று அவர் தீர்ப்புச் சொன்னார். எங்கள் ஊரில் இப்படி ஏறியிருந்தால் அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டு, பின்னாலிருந்து புத்தியும் சொல்லியிருப்பார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் நஸ்ரீன். மரகதத்தின் கம்பெனியிலேயே தோல் தரம் பிரிக்கிற வேலை. வந்து இறங்கும் தோல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கனம் பார்த்து அடுக்க வேண்டும். பேசிக்கொண்டே என் கைப்பையின் வாரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய் தேய்த்தாள்.

"பாய்ண்ட் எட்டு" என்றாள்.

"என்னது?"

"கனம். முக்கா மில்லிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா இது தோலு இல்லக்கா, ரெக்சினு. பின்னாடி துணி ஒட்டிக்கிறான் பாருங்க."

சுத்தமான தோல் என்று சத்தியம் செய்து விற்றவனை மனதுக்குள் நாலு வசவு வைதேன். ஒரு தோல் ஊரில் காலெடுத்து வைத்த அரை மணி நேரத்தில் என் மானம் பாய்ண்ட் எட்டுக்கு வந்துவிட்டது. ஆனாலும் அவளைப் பிடித்துப்போயிற்று. மரகதத்தின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு என்று தெரிந்ததும் என் பையையும் அவளே தூக்கிக்கொண்டாள்.

முந்தின பஸ்ஸிலேயே வந்துவிட்ட மரகதம் வாசலில் நின்றாள். "இன்னாக்கா, கம்பெனி பஸ்லயா வந்த?" என்றாள். என் கூடப் பிறந்தவள் 'இன்னா' என்கிறாள்! ராத்திரிச் சாப்பாடு கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். தேங்காய் எங்கேயாவது தட்டுப்படும் என்று கடைசி வாய் வரை தேடினேன். தட்டுப்படவில்லை. குழம்பு அதற்காகக் கோபித்துக்கொள்ளாமல் நன்றாகவே இருந்தது.

இந்தப் பக்கத்து வீடுகளில் நான் ரசித்த ஒன்று துண்டுத் தோல். கம்பெனியில் வெட்டிக் கழித்த துண்டுகள் ஒரு சாக்கு நிறைய மூலையில் கிடக்கின்றன. ஆடுகிற பீரோவின் காலுக்கு அடியில் ஒரு துண்டு. ஒழுகுகிற குழாய்க்கு வாஷராக ஒன்று. கதவு காற்றில் அடிக்காமலிருக்க நிலையில் ஒன்று. எங்கள் ஊரில் பழைய நாலு முழ வேட்டி செய்கிற வேலையையெல்லாம் இங்கே தோல் செய்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை வண்டியைப் பார்த்தேன். மரகதத்தின் வீட்டுக்காரருடையது, நூறு சி.சி. அவர் ராணிப்பேட்டையில் வேலை, ஞாயிறுதான் வருவார். வண்டியை மனைவி பழகட்டும் என்று விட்டுவிட்டு பஸ்ஸில் போய் வருகிறார். முதல் கியர் போட்டால் 'டக்'கென்று ஒரு சத்தம். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தேன். ஆயில் மை மாதிரி கறுத்திருந்தது.

"ஆயில் மாத்தணும்" என்றேன்.

"ஓடுற வண்டிய நோண்டாதக்கா. டெஸ்ட்டு முடியட்டும்" என்று சொல்லிவிட்டு மரகதம் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

யார் கேட்டார்கள்? இந்த மாதிரி வண்டியில் எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில்தான். கிளட்ச் தட்டுகளும் அதிலேயேதான் ஊறிக்கிடக்கின்றன. ஆயில் செத்துப்போனால் மூன்றும் சேர்ந்து முனகும். கடைத்தெருவில் சரியான ஆயில் வாங்கி வந்தேன். கீழ் நட்டைக் கழற்றிப் பழசை ஒரு பெயிண்ட் டப்பாவில் வடித்தேன். நட்டின் செப்பு வாஷரைத் துடைத்துப் போட்டு முடுக்கினேன். புது ஆயிலைக் குச்சியில் பார்த்துப் பார்த்து அளவாக ஊற்றினேன். அதுவரைக்கும் எல்லாம் சரி. அதோடு கையைக் கழுவியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

கிளட்ச் பிடியைத் தொட்டுப் பார்த்தால் கொஞ்சம் லொடலொடவென்று இருந்தது. பிடித்த உடனே வேலை செய்யாமல் சும்மா ஒரு சிறு தூரம் வந்தது. 'லூஸாக இருக்கிறது, அதனால்தான் பிள்ளைக்குப் பயம்' என்று முடிவுகட்டி, கேபிளை ஒரு பொட்டு ஆட்டம் இல்லாமல் விறைப்பாக முடுக்கிவிட்டேன். வண்டி ஆறிக் கிடந்தபோதே.

சாயங்காலம் மரகதம் ஓட்ட, நான் பின்னால் உட்கார, நெடுஞ்சாலை மேம்பாலத்தில் ஏறினோம். பாதி ஏற்றத்தில் எஞ்சின் அலறுகிறது. வண்டி நகர மாட்டேன் என்கிறது. அலறல் கூடக்கூட வேகம் குறைகிறது. ஒரு தீய்ந்த வாடை. பின்னால் லாரிக்காரர் ஹாரனை அழுத்தியவர் கையை எடுக்கவேயில்லை. இறங்கி இருவரும் தள்ளினோம். ஷிஃப்ட் முடிந்து போன இரண்டு ஆண்கள் சைக்கிளைப் போட்டுவிட்டு வந்து கைகொடுத்தார்கள்.

"இன்னாம்மா, கிளட்ச்ச யாரு இப்பிடி டைட்டு வச்சது?" என்று ஒருவர் கேட்டார்.

மரகதம் என்னைப் பார்த்தாள். நான் பாலாற்றைப் பார்த்தேன். அதில் மணல்தான் இருந்தது. எங்கள் தாமிரபரணியாக இருந்தால் குதித்திருக்கலாம்.

கேபிளுக்கு ஆட்டமே இல்லையென்றால் நாம் பிடியைத் தொடாதபோதும் கிளட்ச் பாதி பிடித்த மாதிரியே நிற்கும். எஞ்சின் சுற்றுவது சக்கரத்துக்குப் போய்ச் சேராது. இது என் மாணவிகளுக்கு நானே போர்டில் எழுதிப்போடுகிற பாடம். புதன்கிழமை காலை தலையில் அடித்துக்கொண்டு தளர்த்தினேன். பயத்தில் கொஞ்சம் தாராளமாகவே தளர்த்திவிட்டேன்.

மரகதம் மிச்சமிருந்த இரண்டு நாள் லீவையும் அன்றைக்கும் டெஸ்டுக்குமாகப் போட்டிருந்தாள். பள்ளிக்கூட மைதானத்தில் செங்கல் வைத்து எட்டு வரைந்தோம். இப்போது வியாதி தலைகீழ். பிடியை முழுக்கப் பிடித்தாலும் வண்டி நிற்காமல் ஊர்ந்தது. நியூட்ரல் விழவில்லை. வளைவில் மெதுவாகப் போக வேண்டிய இடத்தில் வண்டி அவளை இழுத்துக்கொண்டு போயிற்று. ஒரே எட்டில் நாலு தடவை கால் ஊன்றினாள். ஐந்தாவது தடவை செங்கல் மேல் ஏறி, வண்டியைப் போட்டுவிட்டு இறங்கினாள்.

"ஏக்கா, ஒன்னை யாரு அதைத் தொடச் சொன்னா? நல்லாத்தானே இருந்துச்சு! எல்லாத்தையும் கெடுத்துப்போட்டியே! நாளைக்கு நான் என்ன செய்வேன்?"

கோபத்தில் எங்கள் ஊர்ப் பேச்சு அப்படியே திரும்பி வந்துவிட்டது. மண்ணில் உட்கார்ந்து அழுதாள். பதினோரு வருடம் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து ஷூ தைத்தவள். காலை நீட்டி வெளியே போய் வருகிற ஒரு வேலை கைக்கு எட்டுகிற நேரத்தில் நான் வந்து தட்டிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடமாக நான் சொல்லிக்கொடுப்பதெல்லாம் கியரில்லாத ஸ்கூட்டர். அதில் கிளட்ச் பிடியே கிடையாது. போர்டில் படம் மட்டும் போடுவேன். கையில் ஸ்பேனரோடு ஒரு கேபிளைத் தொட்டு அத்தனை வருடமாகிறது. அதைத் தங்கையிடம் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இத போன்லயே சொல்லக் கூடாதா?" என்றாள்.

மாதனூர் மெக்கானிக் கடை பூட்டியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர், "சோளிங்கர் மலைக்குப் போய்ட்டாரு. மொட்ட போட்டுக்கினு வெள்ளிக்கெழமதான் வருவாரு" என்றார். ஆம்பூருக்குப் போய்க் கேட்டேன். இந்தத் தடவை டிக்கெட் தருகிற பஸ். அங்கிருந்த மெக்கானிக் முன்னால் ஏழெட்டு வண்டிகள் கழற்றிக் கிடந்தன. "விட்டுட்டுப் போங்க, சனிக்கெழம தர்றேன்" என்றார்.

மனசு சரியில்லை. மணி பதினொன்று. காலையிலேயே பிரியாணி சாப்பிடுகிற ஊர் இது. நானும் உட்கார்ந்தேன். சீரக சம்பா அரிசி, புளிப்பாகக் கத்தரிக்காய், வெங்காயப் பச்சடி. துக்கத்தில் இரண்டு வாய்தான் இறங்கும் என்று நினைத்தேன். இலை காலியானபோதுதான் நிமிர்ந்தேன். மரகதத்துக்கு ஒரு பார்சல் வாங்கிக்கொண்டேன். சமாதானத் தூதுக்கு அல்வாவைவிட அது நல்ல ஆள்.

சாயங்காலம் கம்பெனி பஸ் வந்ததும் நஸ்ரீன் நேரே எங்கள் வாசலுக்கு வந்தாள். மேம்பாலத்தில் நடந்தது கம்பெனி முழுக்கத் தெரிந்திருந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு வந்து தள்ளியவர்கள் அதே கம்பெனியாம்.

"எனக்கு வண்டியப் பத்தி ஒன்னும் தெரியாதுக்கா" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் குந்தினாள். "இதுல இன்னாதான் ராங்கு?"

பிடியைப் பிடிக்கும்போது, கேபிள் இழுக்கத் தொடங்குமுன் பிடிக்கும் அதன் தாங்கிக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட வேண்டும் என்று காட்டினேன். இடமே இல்லாவிட்டால் ஏற்றத்தில் வழுக்கும். ஜாஸ்தி இருந்தால் ஊரும்.

"எவ்ளோ எடம்?"

"ரெண்டு மில்லியிலேர்ந்து மூணு மில்லிக்குள்ள."

"நீங்க எதால அளந்தீங்க?"

"கண்ணாலதான்."

"கண்ணாலயா!" நஸ்ரீன் மரகதத்தின் தோளில் அடித்துச் சிரித்தாள். "எங்க செக்ஷன்ல கண்ணால அளந்தேன்னு சொன்னா அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. மரகதம், அந்தத் துண்டுச் சாக்க எட்தா."

சாக்கைக் கவிழ்த்தாள். நூறு துண்டுகள் இருக்கும். பார்க்கவேயில்லை. முகம் எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்க, விரல்கள் மட்டும் ஒவ்வொன்றாகத் தேய்த்துத் தள்ளின. "ஒன்னு... ஒன்னு அஞ்சு... இது லைனிங்கு... ஆங், இது ஒன்னு ரெண்டு. இதுவும் ஒன்னு ரெண்டு." இரண்டு கறுப்புத் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து நீட்டினாள். "இந்தாங்க. ரெண்டும் சேத்து ரெண்டு புள்ளி நாலு. இத சொருவிப் பாருங்க. நிக்கணும், ஆனா நசுங்கக் கூடாது. வியந்தா எடம் ஜாஸ்தின்னு அர்த்தம், நசுங்கினா கம்மி."

"விழுந்தா" என்று மரகதம் எனக்காக மொழிபெயர்த்தாள்.

நான் ஸ்பேனரை எடுத்தேன். முதலில் கைப்பிடி ஓரத்துத் திருகை முழுக்கத் தளர்த்தி, எஞ்சின் பக்கத்து நட்டில் கேபிளைச் சரிசெய்தேன். பிறகு மேலே வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். மரகதம் தோலைச் சொருகிச் சொருகிப் பார்த்தாள். விழுந்தது. விழுந்தது. நசுங்கியது. அரை மரை பின்னால் திருப்பினேன். நின்றது.

கிளம்பலாம் என்று எழுந்தேன். நஸ்ரீன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "வண்டி இப்ப ஜில்லுன்னு கீது. சூடானா இதே அளவு இருக்குமா? ஈரத் தோல ஒரு தபா அளந்தா காஞ்சப்புறம் இன்னொரு தபா அளக்கணும்கா. ரெண்டும் ஒன்னா வராது."

இருபத்திரண்டு வருட அனுபவஸ்தர் யோசிக்காத விஷயம். மரகதம் வண்டியை எடுத்துக்கொண்டு ஊரை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தாள். சூட்டில் சொருகினால் தோல் கொஞ்சம் நசுங்கியது. இன்னும் கால் மரை தளர்த்தினேன். இப்போது எந்தப் பக்கமும் சாயாமல் அமைதியாக நின்றது. பிடியைப் பிடித்தால் வண்டி சொன்ன பேச்சுக் கேட்டது. நியூட்ரல் விரலால் தட்டின மாதிரி விழுந்தது. இருட்டுவதற்குள் மரகதம் ஒன்பது எட்டு போட்டாள். கால் ஒரு தடவைகூட மண்ணைத் தொடவில்லை.

"ஷூவும் இப்டித்தானேக்கா" என்றாள் வண்டியிலிருந்து இறங்கும்போது. "வெரலுக்கு முன்னால துளி எடம் வுடணும். டைட்டா இருந்தா நடக்க முடியாது, லூசா இருந்தா கழண்டுக்கும்." ஷூ தைப்பவள், கிளட்ச் சொல்லிக்கொடுக்க வந்த எனக்கு ஒரே வரியில் பாடத்தை முடித்துவிட்டாள். என் போர்டில் இனி அந்த வரிதான்.

வியாழக்கிழமை காலை லைசென்ஸ் மைதானத்தில் நல்ல வெயில். வரிசையில் இருபது பேர். மரகதம் அந்த இரண்டு தோல் துண்டுகளிலும் ஓட்டை போட்டுச் சாவிக்கொத்தில் கோத்திருந்தாள். தன் முறைக்கு முன்னால் சொருகிப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் சிரிப்பைச் செலவு செய்யாத ஆள்.

"இன்னாம்மா அது, தாயத்தா?"

"கேஜ் சார்."

"ம்" என்றார். எட்டைக் காட்டினார்.

முதல் வட்டம் அழகாக முடிந்தது. இரண்டாவதின் நடுவில், போன தடவை அவள் கால் ஊன்றிய அதே வளைவில், வேகம் செத்துப்போனது. வண்டி கிட்டத்தட்ட நின்றேவிட்டது. நேற்றுக் காலை வண்டியாக இருந்தால் அந்த இடத்தில் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கும். முந்தாநாள் வண்டியாக இருந்தால் அலறிவிட்டுச் சாய்ந்திருக்கும். மரகதம் பிடியை ஒரு நூலளவு விட்டாள். வண்டி ஒரு நூலளவு நகர்ந்தது. இன்னும் ஒரு நூல். வளைவு தாண்டியது.

இன்ஸ்பெக்டர் பேப்பரில் என்னவோ கிறுக்கிவிட்டு, "அடுத்தது" என்றார். பாஸா பெயிலா என்று தெரியாமல் இருவரும் முழித்தோம். உள்ளே ஜன்னலில் சீட்டை வாங்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மரகதம் அதை இரண்டு தடவை படித்தாள். அங்கேயே நஸ்ரீனுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் மிஷின் சத்தத்துக்கு நடுவில் நஸ்ரீன் கத்தியது எனக்கே கேட்டது.

திரும்பி வந்தால் எங்கள் வண்டியைச் சுற்றி மூன்று பேர். "யக்கா, அந்தக் கேஜ கொஞ்சம் குடுங்க, என் வண்டியும் ஊருது" என்றார் ஒருவர். மரகதம் குந்தி உட்கார்ந்து அவர் வண்டியில் சொருகிப் பார்த்தாள். "ஜாஸ்தி கீது. ஒரு மர டைட்டு வைங்க" என்றாள். அதிகாரமான குரல். கிராமம் கிராமமாகப் போய்த் தையல் பார்க்கப்போகிற சூப்பர்வைசரை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "பின்னாடி ஏறுக்கா" என்றாள்.

முந்தாநாள் நாங்கள் இறங்கித் தள்ளிய அதே மேம்பாலம் வந்தது. பின்னால் ஒரு லாரி வேறு. இருபத்திரண்டு வருடமாகப் பின் சீட்டில் உட்கார்ந்து, "பிடி, விடு, பிடி, விடு" என்று கத்திப் பழகிய வாயை இறுக்க மூடிக்கொண்டேன். மரகதம் இரண்டாவது கியருக்கு மாற்றினாள். அலறல் இல்லை, தீய்ந்த வாடை இல்லை. வண்டி சீராக ஏறியது. லாரிக்காரர் ஹாரன் அடிக்கவில்லை.

"இன்னாக்கா, சத்தத்தையே காணோம்? பயமா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"இல்லட்டி" என்றேன். குனிந்து பார்த்தேன். என் இடது கை, இல்லாத ஒரு கிளட்சைக் காற்றில் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. பாலத்தின் உச்சிக்கு வந்த பிறகு மெதுவாக விட்டேன்.